வயிற்றைத் தள்ளிய விரல்

மகள் பிறந்தபோது விட்ட நர்சிங் படிப்பை மறுபடி தொடங்கியதும் என்னை மிரட்டியது பிரசவப் பாடம்தான். பிள்ளை பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டு, குழந்தையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லும் செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் நிறுத்திவிடலாம் என்று கணவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் பயமாக இருந்தது.

பட்டாபிராமிலிருந்து வரும் வகுப்புத் தோழி என் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். "புக்க மூடுக்கா. இத்த சுத்திச் சுத்திப் பாரு, பயம் தானா பூடும்."

திரையில் வயிறு கண்ணாடிபோல் இருந்தது. உள்ளே தலை மஞ்சள், முதுகு நீலம், பிட்டம் பச்சை. விரலால் தள்ளினால் எல்லாம் திரும்பும். அண்ணனூரில் ரயில் ஏறியதிலிருந்து தள்ளிக்கொண்டே வருவேன். பயம் உண்மையிலேயே குறைந்தது. படத்தில் கற்றது கைக்கு வருமா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

தேர்வன்று கட்டிலில் ஆவடிக்காரப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள், நிறைமாதம். கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தேன். நிறமே இல்லை. வெறும் தோல், ஏறி இறங்கும் மூச்சு. தேர்வு நடத்திய மேடம் பக்கத்திலேயே நின்றார். என்னையறியாமல் என் விரல் அந்த வயிற்றின்மேல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"இன்னா சிஸ்டர், போன் மாறி தள்ளிகினு கீறே? நான் திரும்பிப் படுக்கணுமா?"

மேடம் இருமினார். எனக்குக் காது சுட்டது.

"வேணாம்மா, அப்படியே படுங்க."

உள்ளங்கைகளைப் பதித்தேன். மேலே மெத்தென்று ஒன்று. கீழே கெட்டியாக, உருண்டையாக ஒன்று, அசைத்தால் அசைந்தது. மஞ்சள் என்றது மனம். நம்பாமல் இன்னொரு முறை தொட்டேன்.

"தல எங்க கீது சிஸ்டர்? போன வாட்டி மேல கீதுன்னாங்க."

நான் எதைச் சொன்னாலும் இவள் நம்பி வீட்டுக்குப் போவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மதிப்பெண் மறந்துபோனது.

"கீழதாம்மா இருக்கு."

மேடம் என் கையை விலக்கித் தானே தொட்டுப் பார்த்தார். "சரி. முதுகு எந்தப் பக்கம்?" என்றார்.

அன்று தேறிவிட்டேன். ஆனால் அவளுக்குப் பிரசவமான செய்தி வரும்வரை, உள்ளே அந்தத் தலை மறுபடி மேலே திரும்பியிருக்குமோ என்று பயந்தபடியே இருந்தேன்.