ஈரத்தில் சிவந்த இஞ்சி

பெயிண்ட் கடையில் எல்லோரும் அவளைக் கலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். கிழிந்த திரைச்சீலை, உடைந்த தரை ஓடு, எப்போதோ செத்துப்போன மாமனாரின் சட்டைப் பை என்று எதைக் கொண்டுவந்து நீட்டி இதே நிறம் வேண்டும் என்று கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள். வெள்ளை டப்பாவைத் திறப்பாள். சின்னக் குப்பிகளிலிருந்து சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவாள். வெள்ளை அட்டையில் விரலால் ஒரு தீற்றல். அதை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைத்து, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பாள். காயாத நிறத்தை அவள் நம்பியதே இல்லை. ஈரத்தில் நிறம் பொய் சொல்லும் என்பாள்.

அவளுடைய கனவுகளில் ஆட்கள் குறைவு. ஒரு சுவர் வரும். அது மெதுவாக வேறு நிறத்துக்குப் போகும். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். விழித்ததும் அந்த நிறத்துக்கு எதில் எத்தனை சொட்டு என்று மனம் தானாகக் கணக்குப் போடும். கணவரிடம் சொன்னால், தூக்கத்திலும் ஓவர்டைமா, அதற்கும் முதலாளி சம்பளம் தருகிறாரா என்று கேட்பார்.

அப்படிக் கேட்டதெல்லாம் காய்ச்சலுக்கு முன்பு.

அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவர். அடுப்புக்குப் பக்கத்தில் கடிகாரம் ஒன்று தொங்கியது. அதை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டுப் போய்த் தட்டை இழுப்பார். ரொட்டி அந்த நொடிக்காகவே காத்திருந்த மாதிரி பொன்னாக வரும். எல்லாம் மூக்கு. காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. நாக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிற்று. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அடுப்பை ஒட்டி நின்றபடியே ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கினார். புகை கண்ணில் பட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கடைக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தோளில் கை வைத்து, கொஞ்ச நாள் பொட்டலம் கட்டுங்கள் என்றார்.

நரம்பு விஷயம், வந்தாலும் வரும், வராமலும் போகும், தினம் எதையாவது முகர்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டில் அவர் பேச்சு தேய்ந்தது. சாப்பாட்டை லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல் உள்ளே ஏற்றிவிட்டு எழுந்துவிடுவார். உப்பு போட மறந்த நாளிலும் மறக்காத நாளிலும் ஒரே முகம்.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்று வரப்போகிறது என்றார்கள். ஒரு நாள் அதன் சமையல்காரர் பெயிண்ட் கடைக்கு வந்தார். தலையில் வெள்ளைத் துணி, கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் மெல்லிய இதழ்களாக எதுவோ மிதந்தது. சுவரெல்லாம் இந்த நிறத்தில் வேண்டும் என்றார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். ரோஸ் என்று சொல்லிவிட முடியாது. ரோஸாகலாம் என்று கிளம்பி, பாதி வழியில் கூச்சப்பட்டு நின்றுவிட்ட மஞ்சள். என்ன பூ என்று கேட்டாள். இஞ்சி என்றார் அவர். முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம் ஏதும் இல்லை, பிஞ்சு இஞ்சி வினிகரில் விழுந்தால் தானாகவே சிவக்கும் என்று சமையல்காரர் பாதி வாயாலும் பாதி கையாலும் விளக்கினார். மீன் துண்டு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இதில் ஓர் இதழை வாயில் போட்டால் நாக்கு புதிதாகிவிடுமாம்.

நாக்கு புதிதாகும் என்ற இடத்தில், அதற்குள் சாயம் கலக்கத் தொடங்கியிருந்தவள் கையை நிறுத்தினாள். எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டாள். அட்டைத் தீற்றல் காய்ந்து குப்பியின் நிறத்தோடு ஒத்துப்போனதும், சந்தோஷத்தில் அவர் குப்பியையே அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் என்னவென்று சொல்லாமல் ஓர் இதழைக் கணவரின் தட்டோரம் வைத்தாள். அவர் வழக்கம்போல் உள்ளே ஏற்றினார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"காரமா இருக்கு," என்றார். சற்றுப் பொறுத்து, "வேற ஒண்ணும் இருக்கு. என்னன்னு தெரியல."

அந்த வேற ஒண்ணுக்காக அவள் தினமும் ஓர் இதழ் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார், இருட்டு அறையில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர் மாதிரி. குப்பி தீர்ந்தது. இன்னொன்று வாங்கலாம் என்று போனால் ஜப்பான் கடையே இல்லை. வியாபாரம் படியவில்லை என்று மூடிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த செல்போன் கடைக்காரன் எல்லாச் சுவரிலும் வெள்ளை அடித்தான். அந்த வெள்ளையை அவனுக்கு விற்றவளும் அவள்தான்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினாள். பிஞ்சு இஞ்சி கிடைக்கவில்லை. கிடைத்த முற்றல் இஞ்சியையே சீவி, உப்பிட்டு, வெந்நீர் காட்டி, வினிகரில் போட்டாள். அது கடைசிவரை பழைய காகிதத்தின் நிறத்திலேயே கிடந்தது. மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, கடையில டப்பா டப்பாவா கலக்குறது பத்தலையா?" என்றாள். தங்கை பேச்சுக்கு அண்ணன் சிரிக்கவில்லை. ஓர் இதழை மென்று நாரைத் துப்பினார். "சக்கை" என்ற ஒரே சொல்லோடு எழுந்து போனார். அதன் பிறகு பல நாள் அவர் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. சோப்பு, எலுமிச்சைத் தோல் என்று அவள் ஜன்னலோரம் அடுக்கி வைத்தவை அப்படியே காய்ந்தன.

ஒரு நாள் பொட்டலம் கட்டிவிட்டு வந்தவர், மாதக் கடைசியில் அடுப்புக்குப் புது ஆள் வருகிறான் என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்பது மாதிரி சொன்னார்.

மறுநாள் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சந்தை முழுக்க அலைந்தாள். ஒரு காய்க்காரம்மாவின் கூடையில், கோணிக்கு அடியில் அது இருந்தது. தோல் என்று சொல்லத் தோல் இல்லை. ஈரக் காகிதம் போல ஒரு படலம். தண்டு முளைத்த நுனிகளில் மட்டும் யாரோ கிள்ளிய கன்னம்போல் சிவப்பு. அவள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றதில், "வாங்கறதுக்கா, பாக்கறதுக்கா?" என்று காய்க்காரம்மா கேட்டாள்.

வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம். கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டினாள். சிவந்த நுனிகளை வெட்டி எறியாமல் பத்திரப்படுத்தினாள். கத்தியைத் தீட்டி, பின்னால் விரல் தெரியும் அளவுக்கு மெல்லிதாகச் சீவினாள். உப்புப் பிசறி வைத்தாள். அது தன் தண்ணீரைத் தானே விட்டது. கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து, விரித்த துணியில் ஆறவிட்டு, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தாள். அரிசி வினிகரில் சர்க்கரையும் உப்பும் கரையக் கரைய, புளிப்பு ஆவி சமையலறையை நிறைத்து ஜன்னல் கண்ணாடியைப் பனியாக்கியது. வெளியே தெரு இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது. இதழ்களையும் சிவந்த நுனிகளையும் குப்பிக்குள் போட்டு, அதன்மேல் சூடான வினிகரை ஊற்றினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், ஓரங்களில் ஒரு கூச்சம் ஏறியது. இதழிலிருந்து இதழுக்குப் போயிற்று. அவள் முகத்தைக் குப்பிக்கு அருகே வைத்துக்கொண்டு, தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கனவுச் சுவர் ஒரு குப்பி அளவுக்குச் சிறுத்து முன்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. அதே நிறம். சொட்டுகூடப் பிசகவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. ஓர் இதழை எடுத்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளை அட்டையில் ஒட்டி, ஜன்னலோரம் வைத்தாள். காயட்டும், அப்புறம் நம்பலாம்.

காலையில் பார்த்தால் அட்டையில் பழுப்பாக, சுருண்ட நகத்துண்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. இதுவும் போச்சு. பீட்ரூட் சாறு ஒரு சொட்டு விட்டால் நிறம் நிற்கும் என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் ஏமாற்று நிறத்துக்குள் அந்த வேற ஒண்ணு எப்படி இருக்கும்? இன்னொரு தரம் சக்கை என்று அவர் சொன்னால் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது குப்பியை நாத்தனாரிடம் நீட்டி, அண்ணன் கண்ணில் படாமல் கொட்டிவிடச் சொன்னாள். அன்றைக்கு அவருக்கு ரொட்டிக் கடை விடுமுறை. இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடையில் ஏணிக்காரர் வந்திருந்தார். அந்த வட்டாரத்துச் சுவர்களில் பாதிக்கு வெள்ளையடித்த பெயிண்டர். முகம் ஏன் மங்கிக் கிடக்கிறது, இரண்டாவது கோட் அடிக்கணுமா என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏன்க்கா, ஊறுகாயக் காய வச்சா பாத்த? அத எந்தச் செவுத்துல அடிக்கப் போற?"

முதலாளி தும்முவதுபோல் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அந்த இஞ்சி காயவே போவதில்லை. வினிகரில் பிறந்து வாயில் முடிகிற நிறம் அது. அதன் ஆயுளே ஈரம்தான். ஆயிரம் தீற்றல் பார்த்த கண்ணுக்கு இது எட்டவில்லை. குச்சியைக் கலவை டப்பாவிலேயே போட்டுவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. வழிநெடுக அவள் கலந்து கொடுத்த சுவர்கள் வந்தன, போயின. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை.

நாத்தனார் கதவிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் குப்பி இல்லை.

"கொட்டிட்டியா?"

"எங்க கொட்டறது? தொட்டிக்கிட்ட போயி மூடியத் திறந்தேன். உள் ரூம்ல படுத்திருந்த அண்ணன் எழுந்து வந்து நிக்கறார். என்ன வாசனைன்னு கேக்கறார், அண்ணி. என்ன வாசனைன்னு."

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் குப்பி. முக்கால்வாசி காலி. வாயில் ஓர் இதழ். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என்ன தெரியுது?"

அவர் யோசித்தார். "செருப்பு. மழையில நனைஞ்ச செருப்பு."

பாடுபட்டுச் செய்ததற்கு நல்ல பேரு கிடைத்தது என்று நாத்தனார் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"இஞ்சி மாதிரி இல்லையா?"

"இல்ல. கண்றாவியா இருக்கு."

"அப்புறம் ஏன் திங்கறீங்க?"

அவர் இன்னோர் இதழை விரலால் எடுத்தார். வினிகர் மணிக்கட்டில் வழிந்தது.

"நிறுத்தினா போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது புரிந்தது. முதல் கலவையில் எந்த நிறமும் சரியாக வந்ததில்லை. கேட்டது ஆகாய நீலமாக இருக்கும், டப்பாவில் நிற்பது குட்டை நீர். ஆனால் குட்டை நீர் என்று ஒன்று வந்துவிட்டால், அங்கிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கைக்குத் தெரியும். இத்தனை நாள் அவர் முன்னால் இருந்தது வெறும் டப்பா. அவள் எழுந்து போய் ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து அவர் மூக்கருகே பிடித்தாள்.

"மண்ணெண்ணெய்," என்றார்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு? சரியா சொல்லுங்க."

அவர் மறுபடி முகர்ந்தார். முகம் கோணியது. பிறகு ரொட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார். அலமாரி முன்னால் போய் நின்றார். டப்பா ஒன்றின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "இது ஒண்ணுமில்ல." அடுத்த மூடி. "இதுவும் இல்ல." அடுத்தது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், இரண்டு தரம்.

"இது ரப்பர்," என்றார்.

அது என்ன டப்பா என்று பார்க்க அவள் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அடுத்த மூடிக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.