ஒரு பீடி நேரம்

சித்தேரி மலையிலிருந்து வந்த அந்த விவசாயியை எண்பதுகளில் தருமபுரி கோர்ட் வராந்தாவில் சந்தித்தேன். தம்பியை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற வழக்கு. நான் அவருடைய வக்கீலின் ஜூனியர். சட்டம் அரைகுறை, வாய் மட்டும் முழுசு. விவசாயியின் காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். பதில் சொல்லுமுன் அதைத் தொட்டுக்கொள்வார்.

"திடீர்க் கோபத்துல அடிச்சா கொலைக்குற்றம் ஆகாதுங்க, தண்டனை கம்மி. கோபம் ஆற நேரமிருந்தும் அடிச்சா கொலைதான். ஒரு பீடி பிடிச்சு முடிச்சுட்டு அடிக்கிற மாதிரி" என்று, குடையை மண்வெட்டியாக்கி நடித்தே காட்டினேன். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சிரித்தார்.

விவசாயி காதைத் தொட்டார். "பிடிச்சேங்க. வரப்புல உக்காந்து முழுசாப் பிடிச்சேங்க. அப்பவும் ஆறலைங்க."

குடையை இறக்கினேன். "அந்தப் பீடிய மறந்துடுங்க" என்றேன்.

விசாரணையில், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஜட்ஜ் அவரைக் கேட்டார்.

"அடிக்கறதுக்கு முன்ன பீடி பிடிச்சேங்க. வக்கீல் தம்பி மறக்கச் சொன்னாருங்க. செத்தது என் கூடப் பொறந்தவன், எப்பிடிங்க மறக்கறது?"

கோர்ட்டே என்னைப் பார்த்தது. நான் கேஸ் கட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

ஆயுள் தண்டனை. வேனில் ஏறுமுன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்க பேச்ச மீறிட்டேன்."

நான் திருப்பிக் கும்பிடவில்லை. கையில் குடை இருந்தது.