கடைசியில் ஒரு காலி வரி

“ஹ்யூமன் எரர் – கான்ட்ராக்ட் இன்ஜினியர்.”

போன செவ்வாய்க்கிழமை, ஃபேக்டரி நெட்வொர்க் படுத்ததைப் பற்றி எனக்கு வந்த ரிப்போர்ட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள் இவ்வளவுதான் இருந்தது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் சண்டையை நான் இங்கே கொட்டுவதில்லை, உங்களுக்கே தெரியும். இந்த வாரம் முடியவில்லை.

அந்த கான்ட்ராக்ட் இன்ஜினியருக்குப் பெயர் இல்லையா என்ன? சகாயமேரி. தினமும் ஹெப்பகோடியிலிருந்து பீன்யாவுக்கு பஸ்ஸும் மெட்ரோவுமாக ஊரையே குறுக்கே கடந்து வந்து, எங்கள் ஃபேக்டரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். மாதக் கடைசியில் அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்பதை இந்த ரிப்போர்ட்தான் முடிவுசெய்யும்.

ரவுட்டர், பிஜிபி என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் – விஷயம் சின்னதுதான்.

எங்களுக்கு வெளியே போக இரண்டு லைன். ஹெட் ஆபீஸுக்கு இரண்டிலும் போகலாம். கிடங்குகளுக்குப் புது லைனில் மட்டும்தான். இனி ஹெட் ஆபீஸுக்கும் புது லைனிலேயே போகட்டும் என்று முடிவானது. ரவுட்டரில் ‘லோக்கல் பிரிஃபரன்ஸ்’ என்று ஓர் எண் உண்டு. எந்த வழிக்கு எண் அதிகமோ அந்த வழிக்குத்தான் மரியாதை. நூறை இருநூறாக்கினால் வேலை முடிந்தது.

மேரி திட்டம் எழுதினாள். ஹெட் ஆபீஸுக்கு இருநூறு. கடைசியில் ஒரு ‘பர்மிட்’ வரி. அதற்குள் ஒன்றுமில்லை, காலி.

மேனேஜர் முரளிதர் கண்ணில் அது பட்டுவிட்டது. அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம்; ‘சும்மா’ கூட கன்னடத்தில் ‘சும்னே’ என்றுதான் வரும். மனிதருக்கு எல்லாம் ‘க்ளீனாக’ இருக்க வேண்டும்.

“ஏம்மா, இந்த லைன் என்ன வேலை செய்யுது?”

“மத்த ரூட்டையெல்லாம் அப்படியே உள்ள விடுது சார்.”

“அப்படியே விடுறதுக்கு எதுக்கு ஒரு லைன்? சும்னே கெடக்குது. எடுத்துடு.”

“எடுத்தா மத்ததெல்லாம் ட்ராப் ஆயிடும் சார்.”

“நாம எங்கம்மா ட்ராப் பண்ணச் சொல்றோம்? எடுத்துட்டு அப்ரூவலுக்கு அனுப்பு.”

சொல்லவே வேண்டாம். பட்டியலில் யாரைக் குறிப்பிடவில்லையோ அவர்களை ரவுட்டர் வெளியே நிறுத்திவிடும். குறிப்பிடாமல் விட்டாலே போதும்...

காலை பதினோரு மணிக்கு மாற்றினார்கள். கிடங்குகள் மொத்தமும் திரையிலிருந்து காணாமல் போயின. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் லாரிகள் கேட் வரை நின்றன. காலி வரியைத் திரும்பப் போட்டுச் சரிசெய்தவள் மேரி. பழியும் அவள் தலையில். இது எந்த ஊர் நியாயம்?

மேனேஜர் அறைக்கே போய்க் கேட்டேன்.

“எடுக்கச் சொன்னது நீங்கதானே சார்?”

“டைப் பண்ணது அந்தப் பொண்ணுதானே மேடம். விடுங்க. அவ பேரைக்கூட நான் போடலையே.”

பெயரைப் போடாததே பெரிய உபகாரமாம்.

அதே கொதிப்போடு மேரியிடம் வந்தேன். “நீ ஏம்மா வாயையே திறக்க மாட்டேங்கிற?”

அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “திறந்தேன் மேடம். அந்த வரி இல்லன்னா கிடங்கு போயிடும்னு மெயில்லயே எழுதினேன். அப்ரூவ் பண்ணது நீங்க.”

எனக்கு முகம் செத்துப்போனது. அந்த மெயிலைத் தேடி எடுத்தேன். எழுதியிருக்கிறாள், தெளிவாக, இரண்டே வரியில். கேன்டீனில் காபிக்கு நின்றபடி, படிக்காமல், மொபைலில் ‘அப்ரூவ்ட்’ என்று தட்டியவள் நான்தான். என் எழுத்துப் பிழை இல்லாத ஒற்றை வார்த்தை, நேரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாளாக முரளிதர் மேல் காட்டிய கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. வெட்கமாக இருந்தது.

மேரியின் மெயிலை இணைத்து, ரிப்போர்ட் போன அத்தனை பேருக்கும் அன்று மதியமே பதில் அனுப்பினேன். முரளிதர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மேரியின் கான்ட்ராக்ட் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பதிலில் ‘ஹ்யூமன் எரர்’ என்பதை நான் அடித்து நீக்கவில்லை. அது சரிதான். எந்த ஹ்யூமன் என்று மட்டும் பெயர் போட்டேன் – முதல் பெயர் என்னுடையது.