யாரும் திரும்பாத மூலை

புகைப்படக்காரருக்குப் பிழைப்பே அடுத்தவர் கண்ணில் படாமல் இருப்பதுதான். எந்தத் தொழிற்கூடத்துக்குப் போனாலும் முதலில் அனுமதி கேட்பார். பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். அவரைக் கண்டதும் சட்டையை இழுத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டவர்கள் நாள் போகப் போகச் சலித்துப்போவார்கள். அவர் எதிரிலேயே முதுகைச் சொறிவார்கள், முதலாளியைத் திட்டுவார்கள். அப்போதுதான் கேமரா கண்ணுக்குப் போகும். பேருந்துப் பணிமனை, அச்சகம், மீன் ஏலக்கூடம், முடிதிருத்தகம் என்று வயசெல்லாம் இப்படியே கழிந்தது. படங்கள் புத்தகங்களாக வந்தன.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அக்கா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். கேமராவின் பொத்தான் வலப்பக்கம் இருப்பதால், அதைத் தலைகீழாகப் பிடித்து இடது கையால் அழுத்தப் பழகினார்.

"ஏன்டா, ஆளுங்க தலைகீழா தொங்க மாட்டாங்களா?"

"படத்தைத் திருப்பி வெச்சா சரியாப் போச்சுக்கா."

கை பழகியும் பயனில்லை. சக்கர நாற்காலி தெருவில் இறங்கினாலே எல்லாக் கண்ணும் அதன்மேல்தான். எதிர்வரிசைச் சலவைக்கடையில் கணவனும் மனைவியும் போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, நெருங்கிவந்து மடிப்பதை ஜன்னல் வழியே தினமும் பார்ப்பார். அந்த ஒரு படத்துக்கு ஏங்கிப்போனார். கடைக்குள் போனாலோ போர்வை மேசைக்குப் போய்விடும். "ஐயா, உடம்பு தேவலையா?" என்று இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"பாவம்னு பார்க்கிறாங்கக்கா. நான் இருக்கிறதையே மறந்தாத்தான் எனக்குப் படம்."

"சும்மா உட்கார்ந்திருக்கிறவன் நோயாளிதான். வேலை செய், மறந்துடுவாங்க."

மறுநாளே அக்கா அவரைச் சலவைக்கடையின் ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டு, ஒரு கூடைக் காலுறைகளை அவர் மடியில் கொட்டினார்.

"இடது கைக்குப் பயிற்சிம்மா. ஜோடி சேர்க்கட்டும். தப்பாச் சேர்த்தா நல்லாத் திட்டு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கடைக்காரர் மனைவி முதலில் கூசினார். கறுப்புக் காலுறையோடு கருநீலம் சேர்ந்துபோய், வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்த பிறகு கூச்சம் பறந்தது. "கண்ணை எங்கய்யா வெச்சிருந்தீங்க?" அந்தத் திட்டு அவருக்கு இனித்தது. இருந்தாலும் கேமராவைத் தொடவில்லை.

ஒரு மழைநாளில், போர்வையை உதறும்போதே கணவனுக்கும் மனைவிக்கும் மூண்டுவிட்டது.

"உங்கண்ணன் வந்தா மட்டும் வாயெல்லாம் பல்லு!"

"உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சிரிக்கிறதாம்?"

சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணவரும் சிரித்தார். போர்வையின் முனைகள் நெருங்கின. காலுறைக் குவியலுக்கு அடியிலிருந்து கேமரா தலைகீழாக எழுந்தது. பொத்தான் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

சாயங்காலம் அக்கா கூட்டிப்போக வந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாளைக்கும் இங்க விடறியாக்கா?"

"அதான் எடுத்துட்டியே, இன்னும் என்னடா?"

அவர் தான் உட்கார்ந்திருந்த மூலையையே பார்த்தார். கடைக்காரர் மனைவி இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார்.

"நாளைக்கு வெள்ளனவே அனுப்புங்கக்கா. கூடை ரொம்பிக் கிடக்கு!"