கன்றுக்கு விட்ட காம்பு

போன சித்திரையில் நடந்தது இது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் நான் தனியாக இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறேன். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக மகன் ஒரு பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தான். "வண்டி நின்னுபோச்சுன்னா மாட்ட வித்துப்போட்டு எங்கூடக் கோயமுத்தூர் வந்தரோணும்" என்றும் சொல்லிவிட்டான். நானும் வீம்புக்குச் சரியென்றேன்.

நாற்பது வருடமாகப் பால் கறப்பவள் நான். மடியில் சொட்டு மிச்சமில்லாமல் கறக்க வேண்டும், இல்லையென்றால் மாடு கெட்டுப்போகும். வண்டியையும் அப்படித்தான் ஓட்டினேன். அதுவாக நிற்கும்வரை ஓட்டி, பிறகுதான் சார்ஜ் போடுவேன். மூணாறு எஸ்டேட்டில் மகளுக்குப் பிரசவம். மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் ஒப்படைத்தேன். வண்டியைச் சார்ஜ் தீர ஒட்ட ஓட்டி, அப்படியே நிறுத்திவிட்டுப் போனேன். இரண்டு மாதம் கழித்து வந்து சார்ஜ் போட்டால் விளக்கே எரியவில்லை.

மகனிடம் மூச்சுவிடவில்லை. பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடைக்குச் சண்டைக்கே போனேன்.

"ஏனுங்க, செத்த பேட்டரிய எந்தலையில கட்டிப்போட்டீங்களே!"

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாக நின்ற செல் ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்தார்.

"சாகலீங்க பெரியம்மா. உள்ளார காவலுக்குன்னு ஒரு சின்ன சர்க்யூட் இருக்குது. நீங்க ஒட்ட ஓட்டுனதும் அது கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கிட்டுக் கதவச் சாத்திக்கிச்சு. சும்மா கெடந்தாலும் காவலுக்குக் கொஞ்சம் தீனி வேணுமுங்க. இன்னுங் கொஞ்ச நாள் போயிருந்தா மிச்சமும் தீந்து குப்பைக்குத்தான். அதுக்கப்பறம் சார்ஜ் போட்டா தீப் புடிச்சாலும் புடிக்கும்."

"சொட்டு உடாம எடுத்தாத்தானுங்க நல்லது?"

"கன்னுக்கு ஒரு காம்பு உட மாட்டீங்களாக்கும்?"

விடுகிறவள்தான் நான். முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் துளித்துளியாக மின்சாரம் ஊட்டினார். மீட்டரில் எண் ஏறுவதையே மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பேட்டரியில் பச்சை விளக்கு கண் திறந்தது.

"வண்டியில சார்ஜ் காட்டற கடைசிக் கோடு வரைக்கும் ஓட்டாதீங்க. நிதமும் கழுத்து வரைக்கும் நெப்பவும் வேண்டாம். ஊருக்குப் போனாச் சார்ஜப் பாதியில வெச்சுட்டுப் போங்க" என்றார்.

அன்று சாயங்காலப் பாலை நானேதான் சொசைட்டிக்குக் கொண்டுபோனேன். வாயில்லாத அந்தப் பெட்டி, என் கைக்கு எட்டாமல் தன் உயிரில் ஒரு காம்பை ஒளித்து வைத்திருந்ததே என்று நினைத்தால், இப்போதும் வண்டியை எடுக்கும் முன் அதைத் தொட்டுக் கும்பிடத்தான் கை போகிறது.