செக்கர் நின்ற வரிசை

பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலையிலேயே தலை நரைத்துப்போன ஆளை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? எல்லோருக்கும் அவர் செக்கர்தான், கட்டின மனைவிக்கும்கூட. பிஸ்கட் பாக்கெட் வாங்கினால் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பார். சௌக்கியமா என்று கேட்டால், எதற்குக் கேட்கிறான் இவன் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் வாங்கப் போகிறார் என்றதும் எங்கள் மாதா கோயில் தெருவுக்கே மண்டை குடைந்தது. அவர் மனைவி நர்ஸ். பிறந்ததிலிருந்து எங்கள் கோயில்தான். இவர் ஞாயிறு தவறாமல் கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாரே தவிர, வேறு எதிலும் பட்டுக்கொண்டதில்லை. திடீரென்று பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பில் வந்து உட்கார்ந்தால்?

"கல்லறைத் தோட்டத்துல இப்பவே இடம் புடிக்கறாரு" என்றார் என் மச்சான்.

"மாமியார் ஏதாச்சும் எழுதி வைக்கறேன்னு சொல்லியிருக்கும்" என்றாள் என் தங்கை.

நான் இரண்டையும் நம்பினேன். என் மூக்குக்கண்ணாடிக் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருப்பதால் எனக்கு அவர் பழக்கம். அதனால் வகுப்பு நடத்துகிற சிஸ்டர் என்னையே ஞானஸ்நானத்தில் அவருக்குத் துணை நிற்கிற ஞானத்தகப்பனாகப் போட்டுவிட்டார். "ஊர் விஷயம் எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்கதானே" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கோயிலுக்குப் பின்னால் பழைய நாற்காலிகள் அடுக்கின அறையில் புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு. அன்றைக்கு நற்கருணை பற்றிப் பாடம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூசையில் வரிசையாகப் போய் வாங்குகிற அந்தச் சின்ன வெள்ளை அப்பம் ஆண்டவருடைய உடல், அதை உண்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே உடல் என்று சிஸ்டர் சொல்லி முடித்தார். செக்கர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் சிஸ்டர். அந்த வரிசைல யாரு செக் பண்றது?"

"யாரும் பண்றதில்ல."

"அப்ப யாரு வேணாலும் போய்க் கைய நீட்டலாமா?"

"அப்படி இல்ல. ஒவ்வொருத்தரும் தன்னையே சோதிச்சுப் பாத்துக்கிட்டு வரணும்னு பைபிள்ல பவுல் எழுதியிருக்காரு. யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருந்தா முதல்ல போய்ச் சமாதானமாகிட்டு வரணும்."

செக்கர் என் காதுப்பக்கம் சாய்ந்தார். "தன்னைத்தானே செக் பண்ணிக்கிற பாசஞ்சரை என் சர்வீஸ்லயே பாத்ததில்லண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசை பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவனுக்கு ஒரு முகம் உண்டாம். ஒன்று, வாசலையே பார்ப்பான். இல்லையென்றால் பரிசோதகரை முறைத்து முறைத்துப் பார்ப்பான். அதுவும் இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே அவசரமாக எதையோ தேடுவான்.

அடுத்த புதன், பூசையில் மனதைத் தொட்டது எது என்று சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் பாட்டு என்றார். ஒருவர் அமைதி என்றார். செக்கர் எழுந்து நின்றார்.

"வரிசைல போனதுல பாதிப் பேரு டிக்கெட் இல்லாத ஆளுங்க சிஸ்டர்."

அவர் அதோடு விட்டிருக்கலாம். "ஆர்மோனியம் வாசிக்கறவங்களையே எடுத்துக்குங்க. முன்னாடி நிக்கறது கூடப்பிறந்த தங்கச்சின்னு தெரிஞ்சதும் அந்தப் பக்க வரிசைக்குத் தாவிட்டாங்க."

அக்கா தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆகிறது. எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கெட்ட நேரம், வகுப்புக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்த ஆர்மோனியக்காரம்மா அங்கேதான் மூலையில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் புத்தகத்தை மூடினார். எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் கோயில் கோயிலாக இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவர் கண் இரண்டும் முதுகில் குத்துகிற மாதிரி ஆளாளுக்கு விறைத்துக்கொண்டு நடந்தார்கள். என் மச்சான் பயந்துபோய் ஒரு ஞாயிறு அப்பம் வாங்க எழுந்திருக்கவே இல்லை.

"எல்லாரும் போறாங்க, நீங்க ஏன் போகல? என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று என் தங்கை புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் முதல் ஆளாகப் போனார். "நேத்து ராத்திரி என்னைப் பேசுனதெல்லாம் பேசிட்டு இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போனீங்க?" என்றாள். போனாலும் சந்தேகம், போகாவிட்டாலும் சந்தேகம். இதையெல்லாம் கிளப்பிவிடத்தான் அந்த ஆள் வந்தாரோ என்றும் ஒரு பேச்சு ஓடியது. வகுப்பில் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. ஞானத்தகப்பன் என்பதால் எனக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை.

சிஸ்டர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "ஞானஸ்நானத்தன்னிக்கு ஃபாதர் சபையைப் பாத்து, இவரை ஏத்துக்கறீங்களான்னு கேப்பாரு. சும்மா வாய்ப்பேச்சு இல்ல. யாராவது எந்திரிச்சு முடியாதுன்னா ஃபாதர் தள்ளிப்போட்டுருவாரு."

செக்கரின் முகம் தொங்கிவிட்டது. வெளியே வந்ததும், "நான் பொய்யா சொன்னேன்?" என்றார்.

"உண்மைங்கறதாலதானே இவ்வளவு வம்பு. அது கிடக்கட்டும், உங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை?"

பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி சொன்னார். "வாராவாரம் என் வீட்டுக்காரி எந்திரிச்சுப் போவா. நான் அவ கைப்பையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பாசஞ்சர் எல்லாம் ஏறிப் போயிட்டு, நான் மட்டும் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி இருக்கும்ணே. அவகூட நானும் போகணும். அவ்வளவுதான்."

நம்பினேன். பாதி.

மறுநாள் அவர் ஆர்மோனியக்காரம்மா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். வேடிக்கையை விட மனசில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி அந்தம்மா கேட்டார்: "டிக்கெட் எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இறங்கிக்குங்க." உள்கதவைச் சாத்திவிட்டார்.

அந்த நாளும் வந்தது. செக்கர் வெள்ளைச் சட்டையில் பீடத்துக்கு முன்னால் நின்றார். அவர் தோள்மேல் கை வைத்து நான். ஃபாதர் சபையைப் பார்த்து, "இவரை உங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். ஞானத்தகப்பன்தான் முதலில் சொல்ல வேண்டும், சொன்னேன். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கைக்கடியில் அவர் தோள் கல்லாகிக்கொண்டே வந்தது.

பாட்டுக்குழுப் பக்கம் பெஞ்சு நகர்ந்தது. ஆர்மோனியக்காரம்மா எழுந்து நின்றார். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"இவரைச் சேத்துக்குங்க ஃபாதர். வெளிய உக்காந்திருந்தா எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருப்பாரு. வரிசைல நின்னாருன்னா முன்னாடி நிக்கறவங்க முதுகு மட்டும்தான் தெரியும்."

முதலில் ஃபாதர்தான் சிரித்தார். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக, "ஏத்துக்கறோம்". என் மச்சான் குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தன் தங்கையை அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

தண்ணீர் ஊற்றி முடித்து, பூசை நடந்து, நற்கருணை நேரம் வந்தது. செக்கர் முன்னால், பின்னால் நர்ஸ், அப்புறம் நான். அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபாதர் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். வாங்குகிறவர் அதை ஒப்புக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை தேங்கியது.

"சொல்லுங்களேன்" என்று நர்ஸ் முதுகில் இடித்தார்.

"இரும்மா. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

ஃபாதரும் கையை இறக்காமல் காத்திருந்தார். அப்புறம் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற மாதிரி செக்கர் ஆமென் சொன்னார்.