குறையும்வரை அமுக்கு

எட்டாம் மாதம், பிரசவத்துக்காகப் பசுவந்தனையில் அம்மா வீட்டில் இருந்தேன். எனக்குப் பிரஷர் கூடுதல் என்பதால், வீட்டிலேயே மிஷின் வாங்கிவைத்துக் காலையும் மாலையும் பார்த்து, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பட்டனை அமுக்கினால் தானே ஊதி, தானே நம்பர் காட்டும் மிஷின். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாசமாக இருக்கிறவளைப் பார்க்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, கையில் பட்டை இறுகும் நேரம் பார்த்து, "கால் இப்படி வீங்கிருக்கே, மாப்பிள்ள எப்ப வாராவ?" என்பார்கள். பதில் சொல்லாவிட்டால் நான் திமிர் பிடித்தவள். சொன்னால் நம்பர் ஏறும். அளக்கும்போது பேசக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியும் அம்மா காதில் வாங்கவே இல்லை.

அதைவிடக் கொடுமை, அம்மா அளக்கும் அழகு. மாசமானவள் முன்னால் கெட்டது சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அம்மா மிஷினுக்கும் சட்டமாக்கிவிட்டாள். நூற்றைம்பது வந்தால், "இது சரியில்ல, கைய நீட்டுட்டி" என்று மறுபடி அமுக்குவாள். நூற்று நாற்பத்தாறு. மறுபடியும். ஒருவழியாக நூற்று முப்பத்தைந்து வந்ததும் முகம் மலர்ந்து, அதை மட்டும் போனில் சொல்வாள்.

"முதல்ல வந்ததையும் சொல்லும்மா!" என்று கத்தினேன்.

"வாய மூடு. வெளக்கு வைக்கிற நேரத்துல நல்ல வார்த்த பேசு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒருநாள் காலையில் தலை பிளந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. அம்மா மிஷினை எடுத்து வருவதற்குள் நான் ஆட்டோவை வரச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைச் சாய்ந்து உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணை மேல் வைத்து, வாயே திறக்கவிடாமல் அளந்தார். நூற்றெழுபது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தார். அதேதான்.

"இவ்ளோ நாளா நல்லாத்தான சொன்னீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

மாட்டிக்கொண்டாயா, இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கிறேன் என்று நானும் திரும்பினேன்.

"கூடத்தாம்மா வந்துச்சு" என்றாள் அம்மா. "இவளுக்கு முந்தி ஒண்ணு, பிரஷருல வயித்துலயே போயிட்டு. அந்த நம்பர என்னால பாக்க ஏலல."

எனக்கு முன்னால் ஒன்று இருந்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று மதியமே ஆபரேஷன் செய்து என் மகளை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். போனது ஆணா பெண்ணா என்று அம்மாவிடம் இன்னும் நான் கேட்கவில்லை.